நீல நூல் தைத்த செருப்பு

என் ஸ்டூடியோ அலுமாரியில், கேமராக்களுக்குக் கீழ்த் தட்டில், ஒரு சோடித் தோல் செருப்பு இருக்கிறது. வலது செருப்பின் வார் அறுந்து, வலை தைக்கும் நீல நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. கல்யாண வீடியோ பேச வருகிறவர்கள் யாருடையது என்று கேட்பார்கள். எங்கள் பள்ளிவாசல் தலைவராக இருந்த ஹாஜியாருடையது என்பேன். மரியாதைக்காக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கற்பிட்டி வீதியோரம் குடியேறியவர்கள் நாங்கள். உம்மாவின் தங்கையான சாச்சி, கணவர் மௌத்தான பிறகு மீனவர்களுக்கு வலை தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். நிக்காஹ் செய்வதாகச் சொல்லி ஹாஜியார் அந்த வீட்டுக்கு வந்துபோனார், லுஹர் தொழுதுவிட்டு ஊர் கண்ணயரும் மதிய நேரமாகப் பார்த்து. ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த செருப்பின் வார் ஒருநாள் அங்கே அறுந்தது. சாச்சிதான் தைத்துக் கொடுத்தார். ஊர் கதைக்கத் தொடங்கியதும் சாச்சி பள்ளிக்கு ஆள் அனுப்பி, வாக்குக் கொடுத்த நிக்காஹைச் செய்யச் சொல்லிக் கேட்டார். ஹாஜியார் ஜமாஅத்தார் முன்னால், "அந்த வாசல நான் மிதிச்சதே இல்ல" என்றார். அன்றிலிருந்து சாச்சி பொய்க்காரி. கல்யாண வீடுகளிலிருந்து அழைப்பு நின்றது. மீனவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர் மாம்புரிக்குப் போனார்கள். ஹாஜியார் அதே செருப்போடு ஐந்து வேளையும் பள்ளிக்கு வந்தார். பள்ளிப் படியில் அந்த நீல நூலைப் பார்க்காதவர் இல்லை. யார் தைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் இளைஞர் கழகம் குறும்படம் காட்ட ஆசைப்பட்டது. மதரஸா மண்டபம் வேண்டுமானால் தலைவர் முதலில் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். சாச்சியை உட்காரவைத்து, இடம்பெயர்ந்த கதையைச் சொல்லச் சொல்லி எடுத்தேன். அதைத் தன் கண் முன்னாலேயே அழிக்க வைத்தார் ஹாஜியார். பெண்ணின் முகம் கூடாது, குரல் கூடாது, ஆணும் பெண்ணும் ஒரே காட்சியில் கூடாது, இசை கூடவே கூடாது. "ஒழுக்கம் முக்கியம் மகன்" என்று தோளில் தட்டினார். ஒழுக்கமாவது, மண்ணாவது. சாச்சி வாயைத் திறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்தத் தோள் இன்னும் எரிகிறது.

பிறகு நான் சொன்னபடி கேட்கும் பிள்ளையானேன். புருஷன் பெண்சாதிக்கு இரண்டு தேநீர்க் கோப்பை வைத்தேன். சண்டை என்றால் ஒன்றைக் கவிழ்த்தேன். பெண் வந்துவிட்டாள் என்பதற்குத் திரைச்சீலை அசைந்தது. எல்லாவற்றுக்கும் சம்மதம் கிடைத்தது. மணிக்கட்டு வரை கை தெரியலாம் என்றும் சலுகை தந்தார். ஆனால் கை வந்ததும், பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கும்படி தலையைக் குனிந்துகொள்வார். "முடிஞ்சுதா?" என்று கேட்பார். "ஓம் ஹாஜியார், முடிஞ்சி" என்று பள்ளிச் செயலாளர் சொன்ன பிறகுதான் நிமிர்வார். அதைக் கவனித்த நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பார்க்கக் கூடாததை இனி நான் ஒரு பெண்ணின் கையில் கொடுத்தால் போதும்.

"இந்தக் கை மட்டும் போதுமா மகன்?" என்று சாச்சி கேட்டார்.

"போதும் சாச்சி."

படத்தில் ஒரு சீமெந்துப் படி, வெயில், கடையில் வாங்கிய ஆண் செருப்பு ஒரு சோடி. நிழல் நகர்கிறது. செருப்பு போகிறது, மறுபடி வருகிறது. கடைசியில் இரண்டு கைகள் அறுந்த வாரை நீல நூலால் தைக்கின்றன. சாச்சி முடிச்சை இறுக்கிவிட்டு ஒருமுறை திருப்பிப் போடுவார். அது அவருடைய கைப்பழக்கம். சம்மதத்துக்குக் காட்டியபோது ஹாஜியார் வழக்கம்போலக் குனிந்தார். செயலாளர் குனியவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், "பிழை ஒண்டுமில்ல" என்றார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் மறைப்புத் துணிக்குப் பின்னால், சாச்சியும் அங்கேதான். கைகள் வந்தன, முன்வரிசையில் ஹாஜியாரின் தலை கவிழ்ந்தது. முடிச்சு திரும்பியபோது ஒரு வயதான மீனவர், "இது எங்கட வலைல ஈக்கிற முடிச்சுத்தானே" என்றார். ஒவ்வொரு தலையாக வாசலைத் திரும்பிப் பார்த்தது. கழற்றி வைத்த செருப்புகளுக்கு நடுவே அந்த நீல நூல் கிடந்தது. பிறகு எல்லோரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள்.

"முடிஞ்சுதா?" என்றார் ஹாஜியார், குனிந்தபடியே.

"ஓம் ஹாஜியார்" என்றார் செயலாளர். "முடிஞ்சி."

நிமிர்ந்தவருக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. அந்தச் செருப்பைக் காலில் மாட்ட அவரால் முடியவில்லை. வெறுங்காலோடு சுடுமணலில் நடந்து போனார். நான் வாசலில் நின்று, அவர் வளைவில் மறையும்வரை ஆசை தீரப் பார்த்தேன்.

இப்போது சாச்சி வீட்டு முற்றத்தில் வலைகள் குவிந்து கிடக்கின்றன. ஹாஜியார் பதவியில் இல்லை, றப்பர் செருப்போடு பள்ளிக்கு வருகிறார். வயதாகிவிட்டது, மன்னித்துவிடு என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஹஜ்ஜில் வாங்கியது, திருப்பித் தரச் சொல் என்று போன நோன்பில் அவரே ஆள் அனுப்பினார். தாராளமாகத் தருகிறேன், சாச்சி வீட்டு வாசலில் வைக்கிறேன், வந்து போட்டுக்கொண்டு போகட்டும் என்று சொல்லியனுப்பினேன். இன்னும் வரவில்லை. தோல் வெடித்துவிடாமல் அவ்வப்போது தேங்காய் எண்ணெய் பூசி வைக்கிறேன்.