தென்கரைக்குப் போன தண்ணீர்

நான் நாடு விட்டுக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை, வடகரைப் படகுத்துறையில் படகு இருந்தது, தண்ணீர் இல்லை. விடாமல் அடித்த வாடைக்காற்று காயல் நீரை மொத்தமாகத் தென்கரைக்குத் தள்ளிவிட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற வேறொரு படகுக்கு நடந்தே போனோம். சித்தி என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் முன்னால் நடந்தாள். நடுவழியில் அவளுடைய போன் அடித்தது. அவளுக்குக் கை ஒழியவில்லை. நான் அவள் இடுப்பிலிருந்து உருவி ஸ்பீக்கரில் போட்டேன்.

“உங்க தண்ணி பூரா இங்கதான் இருக்கு. வந்து எடுத்துட்டுப் போறீங்களா?” என்றது ஓர் ஆண்குரல்.

“பத்திரமா வெச்சிருங்க. காத்து திரும்பட்டும், வட்டியோட வாங்கிக்கறேன்” என்றாள் சித்தி.

“யாரு சித்தி?”

“தென்கரைக்காரரு. வேலை விஷயம்.” சேற்றில் நடந்ததால்தான் முகம் சிவந்திருக்கிறது என்றும் சொன்னாள். நான் அதைக் கேட்கவே இல்லை.

வேலை விஷயம் என்பது உண்மைதான். இருவரும் நீர்மட்டம் பார்ப்பவர்கள். எங்கள் காயல் நீளம், ஆழமோ இடுப்பளவுதான். காற்று எழுப்பும் அலைகள் கடல்வாயில் மணலைக் குவித்து அடைத்துவிட்டால், அப்புறம் காயலுக்கு எஜமான் காற்று ஒன்றுதான். தாம்பாளத்துத் தண்ணீரைச் சாய்த்த மாதிரி, வாடையில் வடகரை வற்றித் தென்கரை நிரம்பும். காற்று மாறினால் எல்லாம் தலைகீழ். அதனால்தான் இரு கரையிலும் ஆளுக்கோர் அளவுக்கம்பம். காலையும் மாலையும் தண்ணீரில் இறங்கி, அலை ஏறி இறங்குவதன் நடுமட்டத்தைப் பார்த்து, அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும்.

காற்றில்லாத மாதங்களில் இரண்டு கம்பமும் ஒரே அளவைக் காட்டும். எதற்கு இரண்டு பேரும் நனைய வேண்டும் என்று இவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் சித்தி இறங்கி இரு கரைக்கும் சேர்த்துச் சொல்வாள், மறுநாள் அவர். பழக்கம் லேசில் விடுமா? நான் போன மறுவருடம், தென்கரைக்காரர் பல் பிடுங்கப் போயிருந்த நாளில் வாடை சுழற்றி அடித்தது. சித்தி தன் கம்பத்தை மட்டும் பார்த்துவிட்டு, “ரெண்டு கரையிலயும் தண்ணி ரொம்பக் கம்மி சார்” என்று அலுவலகப் பொறியாளருக்குப் போனில் சொன்னாள்.

பொறியாளர் அந்த நேரம் தென்கரைச் சாலையில், முழுகிக்கொண்டிருந்த ஜீப்பின் இருக்கைமேல் நின்றுகொண்டிருந்தார்.

வெகுநாள் கழித்து ஊர் திரும்பியபின் இதைக் கேட்டேன்: “அவ்வளவு காத்து உன் காதுல விழலையா சித்தி?”

“பல்லு புடுங்கினா ரத்தம் நிக்குமா நிக்காதான்னு யோசிச்சிட்டிருந்தேன்டி.”

விசாரணை வைத்தார்கள். இரண்டில் ஒரு வேலையை எடுத்துவிடப் போவதாகப் பேச்சு. சித்திதான் பின்னால் சேர்ந்தவள், அதனால் போவது அவளுடையதாகத்தான் இருக்கும். வேலையோடு கம்பத்தடி ஓரறை வீடும் போகும். பிறகு எங்கள் வீட்டுப் பின்னறையில் அடைந்து, நாள் முழுக்க என் அம்மாவின் அறிவுரையைக் கேட்டுக் கிடக்க வேண்டும். சித்திக்குச் சோறு இறங்காமல் போனது இதை நினைத்துத்தான்.

விசாரணை முடிந்த அன்றே எனக்குப் போன் செய்து, பொறியாளரின் குரலிலேயே பேசிக் காட்டினாள்.

“ஒரே ஆள் ரெண்டு கரைக்கும் அளவு சொல்ல முடியும்னா, எதுக்கும்மா ரெண்டு ஆள்?”

“ஒரே ஆள் சொன்னதாலதானே சார் உங்க வண்டி முழுகிச்சு?”

பக்கத்தில் நின்ற தென்கரைக்காரர், கன்னம் வீங்கிய நிலையிலும் சிரித்துவிட்டாராம். பொறியாளர் சிரிக்கவில்லை. முடிவை அப்புறம் சொல்வதாக அனுப்பிவிட்டார்.

அப்புறம் என்பது மாதக்கணக்கானது. நான் மூன்று நாடு மாறிவிட்டேன். ஏதோ ஒரு துறைமுகத்தில் துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்திருந்தபோது, சித்தியின் குரல்பதிவு வந்தது:

“ரெண்டு வேலையும் இருக்குடி! ஆனா இனிமே கம்பத்தையும் நம்ம மூஞ்சியையும் சேர்த்து ஒரே போட்டோவா எடுத்து, தினம் ரெண்டு வேளை குரூப்ல போடணுமாம். காத்துல முடியெல்லாம் பறந்து நான் பேய் மாதிரி நிக்கறேன். அவரைப் பாரு, நேத்து இஸ்திரி போட்ட சட்டை! இடுப்பளவு தண்ணியில நிக்கற மனுஷனுக்கு எதுக்கு இஸ்திரி? நான் அப்படியெல்லாம் இல்லப்பா. லேசா கண்ணுக்கு மை, அவ்வளவுதான். உங்க அம்மாகிட்ட சொல்லித் தொலைக்காதே.”