மிஞ்சிய இரண்டு கட்டைகள்

சத்தீஸ்கரில் போர்வெல் போடும் ரிக் வண்டி நிழலில் உட்கார்ந்து மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறேன். அவள் குரலுக்குப் பின்னால் டக், டக் என்று சத்தம். அவள் அம்மா கம்ப்யூட்டரில் மாஜாங் ஆடுகிறாள்.

என் சின்ன வயதில், திருச்செங்கோட்டு வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, என் அப்பாவும் இப்படித்தான் போர்வெல் போட வடக்கே போனார். ஒரே படமுள்ள கட்டைகளை ஜோடி ஜோடியாக எடுக்கும் இந்த ஆட்டம்தான் அம்மாவுக்குத் துணை. அதிலிருந்த சீன எழுத்துக்குப் பூரான் என்று பேர் வைத்திருந்தாள்.

"சாமி, இன்னொரு பூரான் எங்க பாரு. அத்தனையும் காலியாச்சுன்னா பொங்கலுக்கு அப்பா வந்துருவாங்க."

ஒரு மார்கழியில் இரண்டு பூரான்கள் மிஞ்சின, ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே இருப்பதை எடுக்காமல் அடியில் இருப்பது வராது; ஜோடி இல்லாமல் மேலே இருப்பதையும் எடுக்க முடியாது. அம்மா இரண்டு நாள் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. பொறுக்காமல் நான் புது ஆட்டத்தை அமுக்கிவிட்டேன்.

"கெடுத்துட்டியேடா!" முதுகில் அறைந்தாள்.

அப்பா வரவில்லை. என்னால்தான் என்று பல வருடம் நம்பினேன். மண்ணாங்கட்டி! முதலாளி லீவு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இந்தப் பொங்கலுக்கு எனக்கும் கிடையாது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பூரான் கதையை மட்டும் முன்பே ஒரு நாள் மனைவியிடமும் மகளிடமும் சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

"அப்பா, அம்மாவுக்கு ரெண்டு கட்டை மாட்டிக்கிச்சுங்க. புது ஆட்டம் போட்டா நீங்க வரமாட்டீங்களாமா?"

"போடச் சொல்லு சாமி," என்றேன். "வாரேன்."