லாரி கிளம்பிய காட்சி

தெருவில் அவருக்கு 'அகதியண்ணன்' என்றே பெயராகிவிட்டது. டிவி சீரியலில் அகதிக் குடும்பத்து அப்பாவாக நடிக்கிறார். நிஜத்தில் பிறந்த ஊரை விட்டுச் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் வெளியே தங்கியதில்லை மனுஷன்! அவர் காட்டுகிற அகதி அத்தனையும் பெண்டாட்டிக்குச் சொந்தம். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு லாரியில் தப்பி வந்தவள் அவள். செருப்பைக் கழற்றாமல் தூங்குவது, பையின் வாரைக் கணுக்காலில் கட்டிக்கொள்வது, கொடுத்த சாப்பாட்டில் பாதியை மடியில் ஒளிப்பது எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தவை. கைதட்டல் மட்டும் இவருக்கு. அதற்காக அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, பாவம்.

ஒன்றே ஒன்றை மட்டும் நடிக்கக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். தப்பி வந்த அன்று வழியில் லாரி நின்றபோது, கூட வந்த அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அம்மா காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தாள். டிரைவர் எட்டிப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கத்தினான். பயத்தில் இவளுக்கு வாய் முந்திக்கொண்டது. "ஏறியாச்சு" என்றாள். லாரி கிளம்பிவிட்டது. அக்கா அப்புறம் கிடைக்கவே இல்லை. கேட்காமல் கொள்ளாமல் வண்டியை எடுத்த பாவி என்று அம்மா இன்றுவரை அந்த டிரைவரைத்தான் சபிக்கிறாள். மகள் வாயைத் திறந்ததில்லை.

போன மாதம் செட்டில் காலையிலிருந்து ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். விளக்குச் சூட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இவர் கிடையாய்க் கிடந்தார். "எடுபடலண்ணே," என்றார் டைரக்டர். "உங்ககிட்ட நிஜமா ஏதாவது இருக்குமே, எடுத்து விடுங்க." முதுகு விண்விண்ணென்று தெறித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. மனைவியின் அந்த லாரிக் கதையைச் சொல்லித் தொலைத்தார். அசதி வந்தால் புத்தி எங்கேதான் போகுமோ! கேட்ட சூட்டோடு டைரக்டர் காட்சியை மாற்றினார். காய்ச்சலில் படுத்திருக்கும் அப்பாவாக இவர், பதில் சொல்லும் மகளாக ஒரு சின்னப் பெண். ஒரே டேக்கில் ஓகே ஆகிவிட்டது.

அது ஒளிபரப்பாகும் நாளும் வந்தது. சாயங்காலம் அடுப்படிக்குப் போய் மனைவியிடம் பேச்சை இழுத்தார்.

"இன்னிக்கு உங்கம்மாவை எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போயேன்."

"ஏன்?"

சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதையுமா குடுத்தீங்க?"

"ரொம்ப அசதியா இருந்துச்சும்மா."

"எனக்குந்தான் அசதி, இத்தனை வருஷமா. உங்க ஒருத்தர்கிட்டதான் இறக்கி வச்சேன்."

கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. அதற்குள் கூடத்தில் மாமியார் குரல் கொடுத்தாள். "மாப்ள, ஆரம்பிச்சாச்சு, வாங்க!" மருமகன் வருகிற சீரியல் என்றால் காய்ச்சலே வந்தாலும் விட மாட்டாள். இனி எங்கே வெளியே கூட்டிப் போவது!

போய் ஓரமாக உட்கார்ந்தார். மனைவி வாசற்படியோடு நின்றுவிட்டாள். திரையில் டிரைவர் கத்தினான். சின்னப் பெண் "ஏறியாச்சு" என்றாள். லாரி நகர்ந்தது. தூரத்தில் குடத்தோடு ஒருத்தி ஓடி வந்தாள். மாமியார் இமைக்கவில்லை. விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடிச் சத்தத்தை அடக்கினாள்.

"ஏன் மாப்ள, அந்த அப்பங்காரன் எதுக்குத் தூங்குறான்?"

"காய்ச்சல், அத்தை."

"காய்ச்சல் சரி. காதுமா கேக்காது?"

மாமியார் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு லாரியில நான் தூங்கல மாப்ள. இவ சொன்னது கேட்டுச்சு. பெரியவ இன்னும் வரலன்னும் தெரியும். நிறுத்துன்னு சொன்னா மொத்தமா இறக்கி விட்டுட்டுப் போயிடுவான்னு பயம். இவளாவது பொழைக்கட்டும்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்."

வாசற்படியில் நின்றவள் உள்ளே வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்கும்மா அந்த டிரைவரைத் திட்டிக்கிட்டே இருந்த?"

"வேற யாரத் திட்டச் சொல்ற?" என்றாள் அம்மா. "உன்னையா?"