வெர்லின் எடுத்த முதல் ஆள்

வெர்லின் ஸ்டக்கி பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக். ஒஹாயோவில் எங்கள் ஊரில் அவனிடம் பெருமைப்பட ஒன்றுதான் இருந்தது, மகன் கோல்பி. அமெரிக்கக் கால்பந்தில் கோல்பி வைட் ரிசீவர். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவன். ஒரு பெரிய அணி அவனைப் பயிற்சிக்கு அழைத்ததிலிருந்து வெர்லினைச் சகிக்க முடியவில்லை.

டர்க்கின் மதுக்கடையில் நாங்கள் ஃபேன்டசி ஃபுட்பால் லீக் ஆடுகிறோம். நிஜ ஆட்டக்காரர்களை எடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி சேர்ப்போம். மைதானத்தில் அவர்கள் ஓடுவதும் பிடிப்பதும் எங்களுக்குப் புள்ளி. ஒருவன் எடுத்த ஆளை இன்னொருவன் எடுக்க முடியாது. கடைசி இடத்துக்கு வருகிறவன் கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் கோழி வேடம் போட்டு நடக்க வேண்டும்.

ஆள் எடுக்கும் நாளில் முதல் வாய்ப்பு வெர்லினுக்கு விழுந்தது. நாட்டிலேயே சிறந்த ரிசீவரை எடுத்திருக்கலாம். டர்க் கண்ணடித்துவிட்டு ஆரம்பித்தான்.

"உன் பையனை நான் எடுக்கப்போறேன் வெர்லின். எடுத்து சீசன் பூரா பெஞ்சுல உக்கார வைப்பேன்."

"சும்மா இருடா."

"அவன் விட்டா நான் எடுத்துக்கறேன்" என்றேன் நான்.

கோல்பியை நாங்கள் யாரும் சீந்தியிருக்க மாட்டோம். வெர்லின் முகம் சிவந்து, "கோல்பி ஸ்டக்கி" என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அந்த வாரமே அணி கோல்பியைக் கழற்றிவிட்டது. வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. வெர்லினோ அவனைத் தன் கற்பனை அணியிலிருந்து நீக்க மறுத்தான். வாராவாரம் பூஜ்யம்.

"வேற ஆளப் போடுடா, மடையா."

"வேற டீம் கூப்புடும். நீ பாரு."

யாரும் கூப்பிடவில்லை. டர்க் கோழி வேடத்தை வாங்கிவந்து வெர்லின் உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டினான். வெர்லின் அதைப் பார்க்காமல் குடிக்கப் பழகினான்.

கடைசி ஞாயிறு, ஆட்டம் தொடங்குமுன், அவன் போனை எடுத்துக் கோல்பியை நீக்கிவிட்டு வேறொருவனைச் சேர்த்தான். யாரை நீக்கினாலும் லீகில் உள்ள எல்லாருடைய போனுக்கும் செய்தி போகும். ஆடாவிட்டாலும் கோல்பி சிறுவயதிலிருந்தே எங்கள் லீகைப் பார்த்துவருகிறவன், செய்தி அவன் போனுக்கும் போகும். அதை வெர்லின் மறந்துவிட்டான். எங்களுக்கு ஞாபகம் இருந்தது.

புதிதாக வந்தவன் வெளுத்து வாங்கினான். வெர்லின் தப்பினான், கோழி டர்க் தலையில் விழுந்தது. நாங்கள் வெர்லினுக்கு பீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான்.

"கோல்பி, நாம தப்பிச்சோம்டா" என்றான்.

"பாத்தேன்ப்பா" என்றது குரல். "அந்த டீம்ல, தூக்கறதுக்கு முன்னாடி போன் பண்ணியாவது சொன்னாங்க."