பெரியப்பா மகன் பெயரில் அடித்த கோல்கள்

பிள்ளைகளே, நம் வீட்டு அலுமாரியில் அம்மாவின் கூறைச் சேலைக்குக் கீழே ஒரு நீல நிற பைல் இருக்கிறதல்லவா, அதற்குள் உங்கள் மூவரின் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கின்றன. ஒரு காலத்தில் அந்த பைலை வெளியே எடுக்கவே நான் மறுத்தேன். அதனால் உங்கள் அக்கா இரண்டு சனிக்கிழமைகள் மைதான ஓரத்தில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கட்டுகஸ்தோட்டையில் பெண் பிள்ளைகளுக்குப் புட்போல் பழக்க வந்த கோச், கொழும்பில் சம்பளத்துக்குப் பந்தாடியவர் என்றும், முழங்கால் போனதும் ஊருக்குத் திரும்பியவர் என்றும் சொன்னார்கள். முதல் நாளே அவர் சொன்னது இதுதான்: "பேர்த் சர்டிபிகேட் ஒரிஜினல் கொண்டாங்க. கொப்பி வேணாம். அது இல்லாம பந்தத் தொட விடமாட்டேன்." எனக்கு ஏதோ உறுத்தியது. வெளிநாட்டு வேலை என்று என் தங்கச்சியின் கடதாசிகளை வாங்கிப் போன ஏஜென்டும் இப்படித்தான் ஒரிஜினல் கேட்டான். அவனும் திரும்பவில்லை, கடதாசியும் திரும்பவில்லை. உங்கள் அம்மாவோ, "எல்லாரும் குடுத்தாச்சு. நீங்க மட்டும் சிஐடி வேலை பாருங்க" என்றாள்.

பார்க்கத்தான் செய்தேன். ஒவ்வொரு சான்றிதழையும் அவர் வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து வரி வரியாகப் படிப்பார். பந்தாடியவருக்கு அதில் என்ன வேலை? இந்த நேரத்தில்தான், என்னோடு ஹார்ட்வெயார் கடையில் நிற்கும் ஒருவர் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றைக் காட்டினார். கோல் அடித்துவிட்டுக் கைகளை விரித்து ஓடுபவர் நம் கோச்சேதான். கீழே போட்டிருந்த பெயர் வேறு.

அடுத்த சனிக்கிழமை அதை அவரிடம் நீட்டினேன். "இது யாருங்க?"

"நான்தாண்ணே. பேரு எங்க பெரியப்பா மகனோடது."

பந்தின் மேல் உட்கார்ந்து, நொண்டிக் காலை நீட்டிக்கொண்டு சொன்னார். "ஹேவாஹெட்ட தேயிலத் தோட்டத்துல பொறந்தேன். என் பொறப்ப யாரும் பதியல. கொழும்பு டீம்ல கூப்பிட்டப்ப அவன் கடதாசியத்தான் குடுத்தேன். அடிச்ச கோல் எல்லாம் அவன் பேர்லதான். அவன் பந்தக் கால்ல தொட்டதே இல்ல, ஆனா இன்னைக்கும் அவனுக்குத்தான் டீ வாங்கிக் குடுக்கிறாங்க! பொறகு கச்சேரி ஆபீசுக்கு நடையா நடந்து என் பேர்ல ஒண்ணு எடுத்தேன். கோச்சிங் படிக்கப் போனா, 'நீ எங்க ஆடின?'ன்னு கேக்கிறாங்க. என்னத்தச் சொல்ல? பொடியன்மாரோட அடி வகுப்புல இருந்துதான் படிச்சேன். உங்க பிள்ள அடிக்கிற கோலாவது அது பேர்ல இருக்கட்டும்."

என் சந்தேகம் இன்னும் கூடியது. இத்தனை வருடம் வேறு பெயரில் வாழ்ந்தவரை எப்படி நம்புவது? என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "நம்ப வேணாம். பக்கத்துல நின்னு பாருங்க."

பைலை எடுத்து வந்து, பக்கத்தில் நின்று பார்த்தேன். அக்காவின் பெயரையும் திகதியையும் பாடசாலை அட்டையோடு ஒப்பிட்டுவிட்டு, அங்கேயே என் கையில் திருப்பித் தந்தார். பிறகு பந்தை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

போன மாதம் கண்டியில் அக்காவின் ஆட்டம். ஒலிபெருக்கியில் கோச்சின் சொந்தப் பெயரை வாசித்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் முகம் சுளித்தார். "கொழும்புல ஆடினவராம். இப்படி ஒரு பேர நான் கேள்விப்பட்டதே இல்லையே. புளுகுறானோ?"

அவர் ஆடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முழுதாக நம்பிவிட்டேனா என்று கேட்டால், இன்றைக்கும் பதில் சொல்லத் தெரியாது.

"ஆடியிருக்காருங்க," என்றேன். "நான் பார்த்திருக்கேன்."

அன்றைக்கு யாரும் ஒரிஜினல் கேட்கவில்லை. ஆனாலும் நீல பைல் என் மடியில்தான் இருந்தது.