ஜீப்பில் ஏறும் முன்

எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலையில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. போளூர்ப் பக்கம் அடிவாரத்தில் பிறந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை கோயிலும் பஜாரும் தவிர வேறு எதுவும் பார்த்ததில்லை. மலையில் பிரசவம் பார்ப்பதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். ஆனால் மலைக்காரர்கள் பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. அவர்கள் வீட்டுக் கிழவிகளே பார்த்துக்கொள்வார்கள். வெள்ளைச் சேலையோடு நான் போய் நின்றால் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது. கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்க வேண்டும். சேர்க்காதவர்களைக் கண்காணாத ஊருக்குத் தூக்கியடிப்பார்கள் என்று பேச்சு. என் மேற்பார்வையாளர் அம்மா கெட்டவர் இல்லை. கணவரை இழந்தவர், பிள்ளைகளை வேலூரில் படிக்க வைத்திருந்தார். பயம் அவரையும் பிடித்திருந்தது.

ஒரு நாள் காலை அவரோடு ஜீப்பில் ஒரு சிற்றூருக்குப் போனேன். இளம்பெண் ஒருத்தி துவைத்த சேலை கட்டி, கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் தயாராக நின்றாள். புருஷன் சாமை அறுக்கப் போயிருந்தான். உடம்புக்குச் சத்து ஊசி என்று எங்கள் ஆட்கள் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஜீப்பில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவள், ஊசி போட்டுக்கொண்டு சாயங்காலமே திரும்பிவிடலாமா, குழந்தை பாலுக்கு அழுமே என்று கேட்டாள். நான் மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

 அவள் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"ஊசி இல்லம்மா, ஆபரேஷன். பண்ணிக்கினா அப்புறம் கொழந்தை பொறக்காது. உனக்கு இஷ்டம்னா வா. இல்லன்னா எறங்கிடு."

 அவள் இறங்கி, குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் மேற்பார்வையாளர் கத்தவில்லை. மேலே இருப்பவர்களுக்குத் தான் என்ன பதில் சொல்வது என்று மட்டும் கேட்டார். பொய் சொல்லிக் கூட்டிப் போனால் நாளைக்கு எந்த வீட்டிலும் நம்மை உள்ளே விடமாட்டார்கள் என்றேன்.  அடுத்த வாரமே என்னை மலையின் மறுகோடியில் புதூர்நாட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பஸ் எட்டிப்பார்க்காத ஊர்கள். எங்கும் நடைதான். ஊருக்குப் போனபோது வேலையை விட்டுவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். சோற்றைப் போட்டபடி, "நீ இன்னா தப்பு செஞ்சே, வுடறதுக்கு?" என்றாள். மறுநாளே மலையேறினேன்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், நனைந்து நடுங்கியபடி ஒரு ஆள் என் அறை வாசலில் வந்து நின்றான். அன்று ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்ணின் புருஷன் என்று சொன்னான். தன் தங்கைக்கு விடியற்காலையிலிருந்து வலி, குழந்தை கால் பக்கமாக வருகிறது என்றான். நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரி அவன் ஊருக்குக் கிட்டத்தில் இருக்க, இத்தனை தூரம் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"எம் பொண்டாட்டி உங்களத்தான் கூட்டியாரச் சொன்னா. நீங்க உள்ளத உள்ளபடி சொல்லுவீங்களாம்."

வழுக்கும் பாதையில் அவன் பின்னால் ஓடாத குறையாக நடந்தேன். அந்த வீட்டில் கதவு திறந்தே இருந்தது. கிழவிகள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் படித்ததெல்லாம் கைக்கு வந்ததா, தெய்வம் கைகொடுத்ததா, தெரியாது. இருட்டுவதற்குள் குழந்தை பிறந்தது. முதலில் அழவில்லை. முதுகைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் வீறிட்டபோது அந்த வீடே மூச்சு விட்டது. தாயும் பிழைத்தாள்.

அதற்கப்புறம் சுற்று வட்டாரத்தில் பிரசவத்துக்கு ஆள் வரத் தொடங்கியது. பிள்ளை போதும் என்று நினைத்தவர்கள் அவர்களாகவே ஆபரேஷன் பற்றிக் கேட்டு வந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து விவரமாகக் கேட்டுவிட்டுப் போய், யோசித்துத் திரும்பி வந்தார்கள்.

சில வருஷம் கழித்து, புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளோடு ஒரு கூட்டத்தில் அந்த மேற்பார்வையாளர் அம்மாவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. இன்னாருக்கு இன்ன ஊர் என்று பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியாகச் சொன்னார்:

"யாரக் கூட்டினு போனாலும் எதுக்குன்னு முழுசா சொல்லிட்டுக் கூட்டினு போங்கம்மா. வரமாட்டேன்னா வுட்டுடுங்க."

என் பக்கம் அவர் திரும்பவில்லை. ஆனால் டீ வந்தபோது முதல் டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார்.