சேற்றுக்கு உறை ஊற்றிய கோமதி

திருவனந்தபுரம் போகிறவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள், கடற்கரையைப் பார்ப்பார்கள். நான் போன மாதம் போனது சாக்கடைச் சேறு பார்க்க. சிரிக்காதீர்கள். என் கல்லூரித் தோழி கோமதி அங்கே கழிவுநீர்ச் சேற்றில் பாக்டீரியா வளர்த்து ஹைட்ரஜன் எரிபொருள் எடுக்கும் ஆராய்ச்சியில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள், ஹைட்ரஜன் வராவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள் என்று புதன்கிழமை காலையில் போனில் அழுதாள். கையில் கிடைத்த பையோடு கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் எழுபது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். கிழக்கேகோட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நூற்றிருபது ரூபாய். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"சேச்சி, அங்க காண என்னா இருக்கு? நாத்தம் மாத்ரம்தான்."

"அதைத்தான் பாக்கப் போறேன் அண்ணா."

"எங்கில், அப்படின்னா, மூக்கைப் பொத்திக்கோங்க!"

உள்ளே அவ்வளவு மோசமில்லை. மூடிய தொட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறு கருவி, அதோடு ஒரு குட்டி விசிறி. தொட்டியில் குமிழி பொங்கியது. விசிறி மட்டும் அசையவே இல்லை.

சேற்றில் ஒருவகைக் கிருமி ஹைட்ரஜன் தரும், இன்னொரு வகை அதைத் தின்று மீத்தேன் ஆக்கிவிடும். கொதிக்க வைத்தால் தின்பவை செத்துப்போகும், தருபவை விதைபோல உறங்கித் தப்பிக்கும்.

"கொதிக்க வச்சேன்டி, ஆறவும் வச்சேன். சீக்கிரம் பிடிச்சுக்கட்டும்னு பழைய தொட்டிலேர்ந்து ஒரு கரண்டி விட்டேன்" என்றாள் கோமதி.

"அந்தப் பழசும் கொதிக்க வச்சதுதானே?" விவரம் தெரியாமல்தான் கேட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ! பாலுக்கு உறை ஊத்தற மாதிரின்னா ஊத்திண்டிருக்கேன்! கொன்னதை நானே திரும்ப உள்ள விட்டுட்டேனே!"

அக்ரஹாரத்துக் கை, பழக்கம் விடுமா! எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அன்றே எல்லாவற்றையும் மறுபடி கொதிக்க வைத்து, எதையும் ஊற்றாமல் மூடினோம். கிருமி விழிக்க ஒரு நாளாவது வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: முன்அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். விரல் மூடிய செருப்பு கட்டாயம். கோட்டைப் பக்கம் எண்ணூறு ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி அம்மாள் தொட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கோமதி என் மணிக்கட்டை இறுக்கினாள். விசிறி ஒரு உதறு உதறி, சுற்றத் தொடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொள்ளாமே!" என்றார் அதிகாரி, மலையாளத்தில் 'நன்றாயிருக்கிறதே' என்று. "நகரத்துச் சேறு முழுக்க இதுல கொள்ளுமோ?"

"கொள்ளாது மேடம். பெரிய தொட்டி வேணும்." மூடிவிடாதீர்கள் என்று கெஞ்ச ஒத்திகை பார்த்து வைத்திருந்தவள் எதிர்பார்த்த கேள்வியா இது!

"எங்க வைக்கணும்? இடம் காட்டு."

கோமதி நடக்கவில்லை, ஓடினாள்.